உத்தரவில்லாமல் அடித்த மணி

வைகையில் தண்ணீர் வருவது வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள். அந்தப் பத்துப் பதினைந்து நாளைக் கவனிப்பதற்காக மதுரை டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, வருஷம் முழுவதும் ஒரு போர்டு நடந்து வந்தது. வைகை வெள்ள எச்சரிக்கை போர்டு என்று அதற்குப் பெயர். ஒரு காரியதரிசி, ஒரு ஹெட்கிளார்க், மூன்று குமாஸ்தாக்கள், ஐந்து டவாலிச் சேவகர்கள், சுவரில் ஆற்றின் படம் ஒன்று. படத்தில் ஆறு நல்ல நீல நிறமாக இருந்தது.

ஆற்றங்கரையில் போர்டுக்கு இருந்தவர்கள் இரண்டே பேர். மேற்கே கோச்சடையில் பேயாண்டி. கிழக்கே டவுனைத் தாண்டி நாலு மைலில் நாணல்குடி என்ற சிற்றூரில் சுருளி. ஆளுக்கொரு வெண்கல மணி கொடுத்திருந்தார்கள். வெள்ளம் வந்தால் மணியடிக்க வேண்டும். அதைக் கேட்டுக் கரையோரத்துச் சனம் மேட்டுக்கு ஓட வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். அதை அப்படியே விட்டுவிட்டால் போர்டுக்கு வேலை இல்லை என்பதுதான் அதிலிருந்த குறை.

ஆகவே மணியின் நாக்கைத் துணியால் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். காவல்காரன் வெள்ளத்தைக் கண்டால் கிராம முன்சீப்பிடம் சொல்ல வேண்டும். முன்சீப் போர்டுக்கு எழுதுவார். போர்டு பரிசீலிக்கும். காரியதரிசி கையெழுத்திட்டதும் டவாலி உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுப்பான். அப்புறம் இரண்டு சாட்சிகள் முன்னால் அரக்கை உடைத்து மணியை அடிக்கலாம். இதெல்லாம் முடியும் வரை தண்ணீர் காத்திருக்கும் என்று விதியில் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்கள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒருநாள், விடிந்து சற்று நேரத்தில், பேயாண்டி கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். வருஷநாட்டு மலைப்பக்கம் மூன்று நாளாகக் கறுத்துக் கிடந்தது. முழங்கால் ஆழத்தில் தெளிவாக ஓடிய தண்ணீர் சட்டென்று கலங்கியது. காய்ந்த சருகும் ஆட்டுப் புழுக்கையும் ஒரு முழ அகல நுரையும் வந்தன. புது மண் வாசம் அடித்தது. நாற்பது வருஷம் அந்த ஆற்றைப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

முன்சீப் வீட்டுக்கு ஓடினான். முன்சீப் உசிலம்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து மணியைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். கரைக்குக் கீழே நாற்பது குடிசைகள்; எல்லாவற்றிலும் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. அவன் பெண்சாதி முத்துத்தாய் சாணிக்கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னத்த முழிச்சுக்கிட்டு நிக்கிறீக?"

"அரக்கு வச்சிருக்குல்ல."

"அரக்கா பெருசு? ஒடைங்கிறேன்!"

உடைத்தான். கையோயும் வரை அடித்தான். சனங்கள் பிள்ளைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். சட்டி பானையெல்லாம் போயிற்று. நாற்பது குடிசையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் கோச்சடையில் ஓர் உயிர் போகவில்லை.

தண்ணீர் நாணல்குடிக்குப் போய்ச் சேர மேலும் ஒன்றிரண்டு மணி நேரமாயிற்று. அங்கே சுருளியும் நுரையைப் பார்த்தான். ஆனால் சுருளி விதிப்படி நடக்கிறவன். முன் ஒரு தடவை அரக்கில் கீறல் விழுந்திருந்ததற்கு அவனுக்கு அரை மாசச் சம்பளம் பிடித்திருந்தார்கள். அவன் முன்சீப்பிடம் சொன்னான். முன்சீப் எழுதினார். எழுதியதை எடுத்துக்கொண்டு தலையாரி டவுனுக்கு நடந்தான். சுருளி மணியின் பக்கத்தில் உத்தரவுக்காகக் காத்து நின்றான். ஆற்றின் வளைவுக்கு அப்பால் நாணல் அறுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. அதில் ஒருத்தி தங்கப்பொண்ணு, சுருளியின் பெண்சாதி. அவள் அன்றைக்கு அங்கே அறுக்கப் போனது அவனுக்குத் தெரியாது.

உத்தரவு மூன்றாம் நாள் வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது; ஆறு வற்றிக் கணுக்காலுக்கு வந்திருந்தது. சுருளி இரண்டு சாட்சிகள் முன்னால் அரக்கை உடைத்து, உத்தரவில் எழுதியிருந்தபடி கால் மணி நேரம் மணியடித்தான். மயானத்தில் நின்றவர்களுக்கு அது நன்றாகக் கேட்டது.

ஒரு மாசம் கழித்துப் பேயாண்டிக்குப் போர்டிலிருந்து காகிதம் வந்தது. அன்றும் முன்சீப் ஊரில் இல்லை; வாசித்துச் சொல்ல வேறு ஆளில்லை. நல்ல காகிதமாக, சிங்கமும் குதிரையும் போட்டிருந்ததால், பரிசுக் காகிதம் என்று ஊரே முடிவு கட்டியது. முத்துத்தாய் வேட்டியை வெளுத்துக் கொடுத்தாள். ஒருவர் தலைப்பாகை இரவல் கொடுத்தார். பேயாண்டி டவுனுக்கு நடந்து போய் மாடிப்படி ஏறினான்.

போர்டின் காரியதரிசி ராவ் சாகிப் சொக்கநாதன். கெட்டியான மனிதர், மெதுவாகப் பேசுவார். அவர் ஆற்றை நேரில் பார்த்ததில்லை என்று சொல்வது அவதூறு. பாலத்தின் மேல் காரில் போகும்போது இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

"அரக்கை உடைத்தது நீதானா?"

"ஆமா சாமி," என்றான் பேயாண்டி சிரித்துக்கொண்டே.

"உத்தரவு எங்கே?"

"உத்தரவு வரல சாமி. தண்ணி வந்துருச்சு."

ராவ் சாகிப் கண்ணை மூடிக்கொண்டார். "தண்ணீர் உத்தரவில்லாமல் வரலாம். அது சர்க்கார் ஊழியன் இல்லை. நீ சர்க்கார் ஊழியன்."

பேயாண்டி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். அது விளக்கம் கேட்கும் மெமோ என்று பக்கத்தில் நின்ற குமாஸ்தா சீதாராமன் அவனுக்கு மெல்லச் சொன்னார். அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏழு ரூபாய்ச் சம்பளம் நின்றுபோயிற்று.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சென்னைச் சட்டசபையில் ஒரு வக்கீல் அங்கத்தினர் எழுந்து கேள்வி கேட்டார்: 'வைகை வெள்ள எச்சரிக்கை போர்டு பதினோரு வருஷத்தில் எத்தனை வெள்ளத்தை எச்சரித்திருக்கிறது? ஜனங்களின் வரிப்பணம் எங்கே போகிறது?' சபையில் மேஜையைத் தட்டினார்களாம். விசாரித்து அறிக்கை செய்ய மூன்று பேர் கமிட்டி ஒன்று மதுரைக்கு வருகிறது என்று செய்தி வந்தது. தலைவர் ஒரு திவான் பகதூர். கூட ஒரு ஜமீன்தார். மூன்றாவது, கேள்வி கேட்ட அதே வக்கீல்.

கோச்சடையில் அன்று பொங்கல் வைத்தார்கள். "மெட்ராஸ்லருந்து வாராக. போர்டுக்காரனுக்கு இருக்கு," என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். பேயாண்டியும் நம்பினான். கேள்வி கேட்கிறவர் என்றால் பதிலையும் கேட்பார் என்று நினைத்தான்.

கமிட்டி பங்குனி மாசம் வந்தது. முசாபரி பங்களாவில் இறங்கியது. முதல் நாள் காலை, தலைவரின் நாற்காலிக்கு மட்டும் மெத்தை போட்டிருந்ததை ஜமீன்தார் ஆட்சேபித்தார். அதுபற்றி விவாதம் நடந்து, எல்லா மெத்தையையும் எடுத்துவிடுவது சிக்கனத்துக்கு உதாரணம் என்று தீர்மானமாயிற்று. அப்புறம் முதுகு வலி காரணமாகத் தீர்மானம் மறுபரிசீலனைக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு மூன்று நாற்காலிக்கும் மெத்தை வந்து சேர்ந்தது. சுருக்கெழுத்துக்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் கமிட்டி ஆற்றைப் பார்வையிட்டது. மூன்று கார்கள் கரையில் நின்றன. டவாலிகள் குடை பிடித்தார்கள். எதிரே கண்ணுக்கு எட்டிய வரை மணல். நடுவில் ஒரு கழுதை நின்றது.

"ஆறு எங்கே?" என்றார் திவான் பகதூர்.

"இதுதான்," என்றார் ராவ் சாகிப்.

"தண்ணீர் இல்லையே?"

"போர்டின் கட்டுப்பாட்டில் இருக்கிறது."

திவான் பகதூர் திருப்தியுடன் தலையசைத்தார். ஜமீன்தார் மணலைக் கையில் எடுத்துப் பார்த்து, தரமான மணல் என்றார். கார்கள் திரும்பின.

மறுநாள் சாட்சி விசாரணை. பேயாண்டியைக் கூப்பிட்டார்கள். சத்தியப் பிரமாணம் வாங்கினார்கள். மேஜைமேல் உடைந்த அரக்குத் துண்டுகளை ஒரு வெள்ளித் தட்டில் வைத்திருந்தார்கள்.

"நீ மணியடித்ததனால் எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள்?" என்று திவான் பகதூர் கேட்டார்.

"எண்ணலைங்க சாமி. அம்புட்டு பேரும் மேட்டுக்கு ஓடுனாக."

"நீ மணியடிக்காவிட்டால் அவர்கள் செத்திருப்பார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

பேயாண்டிக்குக் கேள்வி விளங்க நேரமாயிற்று. "நாணல்குடியில மூணு பேரு செத்தாகளே சாமி. அங்க மணி அடிக்கல. அதான் அத்தாட்சி."

"நாணல்குடி வேறு ஐட்டம். இப்போது நடப்பது கோச்சடை. கோச்சடையில் எத்தனை மரணம்?"

"ஒண்ணும் இல்ல சாமி."

"ஒன்றும் இல்லை!" திவான் பகதூர் மற்ற இருவரையும் பார்த்தார். "எழுதிக்கொள்ளுங்கள். கோச்சடையில் அன்றைய தினம் மரணம் எதுவும் நிகழவில்லை. அப்படியானால் அபாயம் இருந்ததாக எப்படிச் சொல்வது? அபாயம் இல்லாத இடத்தில் எச்சரிக்கை எதற்கு?"

பேயாண்டி கேள்வி கேட்ட வக்கீலைப் பார்த்தான். இவராவது வாயைத் திறப்பார் என்று ஊரே நம்பியிருந்தது. வக்கீல் வாயைத் திறந்தார்.

"நாற்பது குடிசை அடித்துக்கொண்டு போயிற்றே. அதைத் தடுக்க நீ என்ன செய்தாய்?"

"நான் என்ன சாமி செய்ய முடியும்? ஆத்துக்குக் குறுக்க படுக்கவா?"

"மரியாதை," என்றார் ஜமீன்தார். அது அன்று முழுவதும் அவர் விசாரணையில் சொன்ன ஒரே சொல்.

பேயாண்டியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ராவ் சாகிபை உட்காரச் சொன்னார்கள். அவர் போர்டின் வேலையை விளக்கினார்.

"எங்கள் வேலை வெள்ளத்தை எச்சரிப்பது என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். இல்லை. எச்சரிக்கை தவறாகப் போய்விடாமல் தடுப்பதுதான் எங்கள் வேலை. வராத வெள்ளத்துக்கு மணியடித்தால் ஜனங்கள் சர்க்காரை நம்ப மாட்டார்கள். பதினோரு வருஷத்தில் வராத வெள்ளத்துக்கு இந்தப் போர்டு ஒரு தடவைகூட மணியடித்ததில்லை. வந்த வெள்ளத்துக்கு அடித்ததிலும், அது வந்துவிட்டதா என்று ஊர்ஜிதம் செய்துகொள்ளாமல் அடித்ததில்லை."

"எப்படி ஊர்ஜிதம் செய்வீர்கள்?" என்று வக்கீல் கேட்டார்.

"சேத விவரம் வந்ததும் தெரிந்துவிடும்."

"நாணல்குடி உத்தரவுக்கு ஏன் மூன்று நாள்?"

"நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது."

"அது யாருடைய தப்பும் இல்லை," என்றார் திவான் பகதூர்.

அடுத்து சுருளி. ஆள் பாதியாக இளைத்திருந்தான். மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உத்தரவு கைக்கு வந்த பிறகு எவ்வளவு நேரத்தில் மணியடித்தாய்?" என்று திவான் பகதூர் கேட்டார்.

"ஒடனே அடிச்சேன் எசமான். வெத்தலை மெல்லுற நேரங்கூட ஆகலை."

"உத்தரவு வரும் வரை எங்கே இருந்தாய்?"

"மணிகிட்டயேதான் இருந்தேன். மூணு நாளும்."

"சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லையா?"

"போகல எசமான்." சுருளி தரையைப் பார்த்துச் சொன்னான்: "எம் பொஞ்சாதிய ஆறு கொண்டுக்கிட்டுப் போயிருச்சு எசமான். ரெண்டாம் நாளு வந்து சொன்னாக, ஒடம்பு கெடைச்சிருச்சுன்னு. நான் போகல. உத்தரவு வார நேரத்துல நான் இல்லேன்னா என்னாகும்னு…"

திவான் பகதூர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"கனவான்களே," என்றார். "நமது சாம்ராஜ்யம் யாரால் நிற்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். இதோ நிற்கிறானே, இவனால் நிற்கிறது. மனைவி இறந்தாள், இவன் நகரவில்லை. பிணம் கிடைத்தது, இவன் விடுப்புக் கேட்கவில்லை. அரக்கு முழுசாக இருந்தது! இப்படி நாலு பேர் இருந்தால் இந்தத் தேசத்துக்கு ஒரு குறையும் வராது."

வக்கீல் மேஜையைத் தட்டினார். சுருளிக்கு அங்கேயே ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதச் சொன்னார்கள். சீதாராமன் நல்ல கையெழுத்தில் எழுதினார். மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். நான்காவது ஐட்டமாகப் பலகாரம் வந்தது.

பங்களா வாசலில் வேப்பமரத்தடியில் பேயாண்டி உட்கார்ந்திருந்தான். சுருளி பத்திரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இருவருக்கும் படிக்கத் தெரியாது. சீதாராமன் மூக்குப்பொடி போட வெளியே வந்தார்.

"சாமி, ஒரு வார்த்தை," என்று சுருளி எழுந்தான். "இதுல அவ பேரு இருக்குங்களா? தங்கப்பொண்ணுன்னு."

சீதாராமன் அதை எழுதியவர். ஆனாலும் வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"இல்லைப்பா. 'குடும்பச் சூழ்நிலை'ன்னு போட்டிருக்கு."

சுருளி பத்திரத்தைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தான். "அண்ணே," என்றான் பேயாண்டியிடம், "நான் ஒடைச்சிருக்கணும்ல?"

பேயாண்டி அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு அவன் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து பஜ்ஜி வாசம் வந்துகொண்டிருந்தது.

அறிக்கை ஆடி மாசம் அச்சாகி வந்தது. அதைப் பேயாண்டிக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும் என்று விதி. சீதாராமன் ஜட்காவில் கோச்சடைக்கு வந்தார். மேட்டில் பேயாண்டி புதிதாகப் போட்டிருந்த குடிசையின் வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டினார்.

கோச்சடையில் உயிர்ச்சேதம் இல்லாதபடியால் அங்கே அடித்த மணி வீண். காவல்காரன் பேயாண்டி டிஸ்மிஸ். மணியைப் பத்திரமாகப் போர்டு ஆபீசுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நாணல்குடியில் மூன்று உயிர்ச்சேதம் ஏற்பட்டபடியால் அங்கே எச்சரிக்கை அவசியம் என்று ருசுவாகிறது. காவல் தொடர வேண்டும். போர்டின் வேலைப்பளுவை உத்தேசித்து உதவிக் காரியதரிசி என்று புதிதாக ஓர் உத்தியோகம் ஏற்படுத்த வேண்டும்.

"யாருக்குச் சாமி அந்த உத்தியோகம்?" என்றாள் முத்துத்தாய்.

சீதாராமன் அக்கம்பக்கம் பார்த்தார். "கேள்வி கேட்டாரே வக்கீல், அவரோட மச்சினனுக்கு. முன்னாடியே அவனுக்குப் போர்டில் ஒரு வேலை கேட்டிருந்தார், ராவ் சாகிப் கொடுக்கலை. அதான் சபையில் அந்தக் கேள்வி வந்தது."

"அப்ப எங்க ஊருல நாலு பேரு செத்திருந்தா?" என்றான் பேயாண்டி.

"உனக்கு வேலை போயிருக்காது."

பேயாண்டி காறித் துப்பிவிட்டுக் கைநாட்டு வைத்தான். சீதாராமன் காகிதத்தை மடித்தும் எழுந்திருக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ராவ் சாகிப் இங்கே ஆற்றோரமா புது பங்களா கட்டிக் குடிவந்திருக்கார், தெரியுமோன்னோ. காற்று நன்னா இருக்குன்னு. ஐப்பசி வரப்போறது. நீ எப்படியும் ஆத்தைப் பாத்துண்டுதான் இருப்பே. அந்தப் பக்கம் முன்கூட்டி ஒரு குரல் கொடுக்க முடியுமான்னு கேட்டுண்டு வரச் சொன்னார். பிரைவேட்டா."

முத்துத்தாய் கையில் இருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். பேயாண்டி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான்.

"ஒரு வீட்டுக்கு மட்டும் கேக்குற மாதிரி எனக்குக் கத்தத் தெரியாது சாமி. கத்துனா ஊருக்கே கேக்கும். சம்மதமான்னு கேட்டு வாங்க."

சீதாராமன் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பதில் வருவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது.

அந்த வருஷத் தண்ணீர் ஒரு புதன்கிழமை முற்பகலில் வந்தது. பேயாண்டி தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினான். முதல் ஆளாக வெளியே வந்தது ராவ் சாகிபின் குடும்பம்தான். பெட்டி படுக்கையெல்லாம் மூன்று நாளாகக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். கோச்சடைப் பிள்ளைகளில் கால் நல்ல இருவரைப் பேயாண்டி வரப்பு வழியே கிழக்கே ஓடச் சொன்னான். அவர்கள் போய்ச் சேருமுன்பே நாணல்குடியில் மணி கேட்டது. சுருளி நுரையைக் கண்டதும் ஒரு கருங்கல்லை எடுத்திருந்தான். அரக்கை உடைத்த பிறகும் அவன் கல்லைக் கீழே போடவில்லையாம். தடுக்க வந்த முன்சீப் தூரத்திலேயே நின்றுவிட்டாராம். இரண்டு ஊரிலும் ஒருவரும் சாகவில்லை. ஆகவே அந்த எச்சரிக்கையும் வீண்தான்.

மேட்டில், புளியமரத்தடியில், முத்துத்தாய் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினாள். நனைந்து நடுங்கிய சனம் வரிசையாக வாங்கிக் குடித்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு ராவ் சாகிபும் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிடவில்லை. அது அவருக்குப் புதிதாக இருந்தது. தம் முறை வந்ததும் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பு இல்லையே," என்றார்.

முத்துத்தாய் அகப்பையைப் பானைக்குள் விட்டபடி அவரை நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னாள்:

"உப்புக்கு இன்னும் உத்தரவு வரல சாமி. நகந்துக்கங்க, பின்னாடி ஆளு நிக்குது."